மின்னலும் உயிரின் மூலப்பொருளும்

மின்னல் உயிரைக் கொல்லும் என்பதை யாவரும் அறிவர். உயிருக்கு வேண்டிய மூலப்பொருள்களை ஆக்கவும் அது வல்லதோ என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டிலேதான் முறையான ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று. அவ்வினா ஓர் ஆய்வுக்கூடத்தில் எழுந்து, வியாழனையும் சனியையும் எட்டிய வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

உயிர் தோன்றுமுன்பே பூமியில் கரிமப் பொருள்கள் தாமே விளைந்திருத்தல் வேண்டும் என்று உருசிய அறிஞர் ஓபாரின் 1924-இலும், பிரித்தானிய அறிஞர் ஹால்டேன் 1929-இலும் எழுதினர். அதற்குத் தெளிவான சோதனைச் சான்று கிட்ட ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆயிற்று. அதனைத் தந்தவர் சிக்காகோ பல்கலைக்கழக மாணவர் ஸ்டான்லி மில்லர். அவருடைய ஆசிரியர், நோபல் பரிசு பெற்ற ஹெரால்டு யூரி. ஆசிரியர் முதலில் தயங்கினார்; மாணவர் விடவில்லை.

மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் ஆகிய வாயுக்களைக் கண்ணாடிக் கருவியொன்றில் அடைத்து, கொதிநீரின் ஆவியை அவற்றோடு கலந்து சுழலவிட்டு, இடையறாது மின்பொறி பாய்ச்சினார் மில்லர். பொறியே மின்னல், நீரே கடல். ஒரு நாளில் நீர் இளஞ்சிவப்பாயிற்று. ஒரு வாரத்தில் செக்கச் சிவந்து கலங்கியது. கிளைசின், அலனின் முதலிய அமினோ அமிலங்கள் அதில் இருக்கக் கண்டார். 1953 மே மாதத்தில் கட்டுரை வெளிவந்தது. புகழ் முழுதும் மாணவரைச் சேரட்டும் என்று யூரி தம் பெயரை அதில் இடவில்லை. ஆசிரியப் பெருமக்கள் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி இது.

பின்னர் அறிஞரின் நோக்கு பிற உலகங்களை நாடிற்று. 1979-இல் வாயேஜர்-1 விண்கலம் வியாழனின் இருட்பக்கத்தில் மின்னல் ஒளிர்வதைப் படம் பிடித்தது. மில்லர் குடுவையில் அடைத்த வாயுக்கள் அனைத்தும் அங்கு உண்டு. ஆயினும், அங்கு விளையும் பொருள் தங்குதற்குத் தரை இல்லை. கீழிறங்கும் காற்றோடு வெப்பம் மிகுந்த ஆழத்திற்குச் சென்று சிதைந்துவிடும்.

சனியின் பெருந்துணைக்கோளாகிய டைட்டன் வேறு வகையினது. 1655-இல் ஹைகன்ஸ் கண்டறிந்த அதன் வளிமண்டலத்தில் மீத்தேன் உண்டென்று 1944-இல் கைப்பர் காட்டினார். 1980-இல் வாயேஜர்-1, அங்கே நைட்ரஜனே மிகுதி என்றும் ஹைட்ரஜன் சயனைடு முதலியன உள என்றும் அறிவித்தது. 2005 ஜனவரி 14-இல் ஹைகன்ஸ் என்னும் பெயர் தாங்கிய கலமே அந்நிலத்தில் இறங்கியது. செம்பழுப்பு மூட்டம், மீத்தேன் மழை, உறைகுளிர் என யாவும் உண்டு. மின்னல் மட்டும் கண்டறியப்படவில்லை! காசினி விண்கலம் 2017 வரை நூறு முறைக்கு மேல் டைட்டனை அணுகிச் சென்றது. சனியின் இடிமின்னலை வானொலி அலைகளால் பலமுறை கேட்ட அக்கலம், டைட்டனில் ஒன்றையும் கேட்கவில்லை.

அங்ஙனமாயின், அங்குள்ள கரிமப் பொருளை ஆக்கியது எது? சூரியனின் புற ஊதாக் கதிரும், சனியின் காந்தமண்டலத்து மின்துகள்களுமே பெரும்பாலும் அதனை ஆக்குகின்றன. வேண்டுவது ஆற்றல், மின்னல் அதன் வடிவங்களுள் ஒன்று மட்டுமே.

மில்லர் 2007-இல் மறைந்தார். அவர் அக்காலத்தில் பெயரெழுதிக் காத்துவைத்த சிறு புட்டிகளை எடுத்துப் புதுக்கருவிகளால் ஆராய்ந்தோர், எரிமலை ஆவியை ஒப்ப அமைத்த சோதனை ஒன்றின் எச்சத்தில் 22 அமினோ அமிலங்களைக் கண்டு 2008-இல் வெளியிட்டனர். அவர் கண்டதினும் மிகுதியாக அவர் ஆக்கியிருந்தார்! எனினும், பழம் பூமியின் காற்றில் நைட்ரஜனும் கரியமில வாயுவுமே மிக்கிருந்தன என்று இன்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அத்தகைய காற்றில் மின்பொறியின் விளைவு குறைவே.

ஆதலின், “மில்லர் குடுவையில் உயிரைப் படைத்தார்” என்று மாணவர்க்குக் கூறுதல் பிழை. அவர் காட்டியது செங்கல் விளையும் வழியை. வீடு எழுந்த கதையை அன்று. இவ்வாறு நிகழக்கூடும் என்பது வேறு. இவ்வாறே நிகழ்ந்தது என்பது வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்துதலே விஞ்ஞானக் கல்வியின் முதற்பாடமாம்.