ரேடியோ ஹெலிகாப்டரின் சமநிலைத் தண்டு

ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானம் 1930களின் பிற்பகுதியிலேயே அமெரிக்காவில் பறந்துவிட்டது. மாதிரி ஹெலிகாப்டர் நம்பிப் பறக்கவிடும்படி ஆக மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. இதற்குக் காரணம் ஆர்வக்குறைவு அல்ல. இறக்கையும் வாலும் சரியாக அமைந்த விமானம், கீழிருந்து கட்டளை ஏதும் வராவிட்டாலும் தன் பாட்டுக்கு நேராகப் போகும். காற்று சாய்த்தால் மெல்ல நிமிரும். ஹெலிகாப்டருக்கு அந்தக் குணம் இல்லை. அந்தரத்தில் ஓரிடத்தில் நிற்கும் ஹெலிகாப்டர், உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திய கழியைப் போன்றது. கழி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கை ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நீளமான கழியை அப்படி நிறுத்தச் சிறுவர்களாலும் முடியும். பென்சிலை நிறுத்துவது மிகக் கடினம், ஏனெனில் அது விழும் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காது. மனிதர் ஏறும் ஹெலிகாப்டருக்கும் அதன் மாதிரிக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. உருவம் சிறுக்கச் சிறுக்க அது தடுமாறும் வேகம் கூடுகிறது.

தடுமாற்றம் ஒரு பக்கம் என்றால் இயந்திரச் சிக்கல் மறுபக்கம். மேலே ரோட்டர் ஒரு திசையில் சுழல, உடல் எதிர்த்திசையில் சுழலப் பார்க்கும். அதைத் தடுக்க வாலில் ஒரு சிறு ரோட்டர் வேண்டும். எஞ்சினின் வேகம் மாறும்போதெல்லாம் வாலின் தள்ளுவிசையும் மாற வேண்டும். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் போக, ரோட்டர் இறக்கைகள் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் சாய்வு கூடியும் எதிரிடத்தில் குறைந்தும் சுழல வேண்டும். சுழலாத உடலிலிருந்து சுழலும் இறக்கைக்கு இந்தக் கட்டளையைக் கொண்டுபோவது ஸ்வாஷ்பிளேட் என்னும் இரட்டைத் தட்டு. கீழ்த்தட்டு நின்ற இடத்தில் நின்று சாயும். மேல்தட்டு அதே சாய்வில் ரோட்டரோடு சுழலும். இவ்வளவையும் கைக்கடக்கமான அளவில், ஆட்டமில்லாமல் செய்தாக வேண்டும்.

தடுமாற்றத்துக்கான முதல் நல்ல விடை ஒரு மாதிரியிலிருந்தே கிடைத்தது என்பது இந்த வரலாற்றின் அருமையான பகுதி. ஆர்தர் யங் என்ற அமெரிக்கர் 1928இல் ஹெலிகாப்டர் ஆய்வைத் தொடங்கியபோது ஆளேறும் இயந்திரத்தைக் கட்டவில்லை. சிறு மாதிரிகளைக் கட்டி, பறக்கவிட்டு, நொறுங்கியதும் காரணத்தை ஆராய்ந்து மறுபடி கட்டினார். பென்சில்வேனியாவின் பேயோலியில் ஒரு பண்ணைக் களஞ்சியம் அவருடைய பட்டறையாயிற்று. அங்கே அவர் கண்டடைந்தது, இரு முனையிலும் எடை பொருத்திய ஒரு தண்டு. அது இறக்கைகளுக்குக் குறுக்காக ரோட்டரோடு சேர்ந்து சுழலும். வேகமாகச் சுழலும் பம்பரம் சாய மறுப்பதுபோல, இந்தத் தண்டும் தான் சுழலும் தளத்தை எளிதில் விட்டுக்கொடுக்காது. உடல் சாய்ந்தாலும் தண்டு சாயாது. தண்டோடு இணைத்த இறக்கைகள் தண்டின் தளத்தையே பின்பற்றும். ஆடும் உடலுக்கு மேலே ஆடாத ரோட்டர் கிடைத்தது.

1941 செப்டம்பரில் யங், பஃபலோவிலிருந்த பெல் விமான நிறுவனத்தில் தம் மாதிரியைப் பறக்கவிட்டுக் காட்டினார். அது மின்மோட்டாரில் ஓடியது. கட்டளைகள் கம்பி வழியாகப் போயின. அவ்வாண்டே அவர் பெல்லில் சேர்ந்தார். அந்தப் பணியின் விளைவான பெல் 47, 1946 மார்ச் 8 அன்று அமெரிக்காவில் குடிமக்கள் பயன்பாட்டுக்குச் சான்று பெற்ற முதல் ஹெலிகாப்டர் ஆனது. கண்ணாடிக் குமிழ் போன்ற முகப்பும் தலைக்குமேல் குறுக்குத் தண்டுமாகப் பழைய படங்களில் தென்படும் ஹெலிகாப்டர் இதுதான். அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் ஸ்டான்லி ஹில்லர் வேறொரு வழி கண்டார். அவருடைய தண்டின் முனைகளில் எடைக்குப் பதிலாகச் சிறு துடுப்புகள் இருந்தன. ஓட்டுநரின் கட்டளை துடுப்புகளைத் திருப்பும், துடுப்புகள் காற்றைப் பிடித்துத் தண்டைச் சாய்க்கும், தண்டு இறக்கைகளைச் சாய்க்கும். கைக்கு வேலை குறைவு. ஆனால் கட்டளை போய்ச் சேரச் சற்று நேரமாகும்.

பொழுதுபோக்காக ரேடியோ ஹெலிகாப்டர் கட்டுவது 1960களின் பிற்பகுதியில் மேற்கு ஜெர்மனியில் வேர்பிடித்தது. அதற்குச் சற்று முன்புதான் ரேடியோவில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. பழைய கருவிகளில் கட்டளை என்பது முழு இடம், முழு வலம் என்ற இரண்டே நிலைதான். புதிய புரபோர்ஷனல் கருவிகளில் விரல் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவே மாதிரியிலுள்ள சர்வோ என்னும் சிறு மோட்டாரும் நகர்ந்தது. கழியை நிறுத்தும் கைக்கு இந்த நுண்மை இல்லாமல் முடியாது. 1968இல் ஹார்ஸெவிங்கல் ஊரில் ரேடியோ ஹெலிகாப்டர்களுக்கென்றே ஒரு போட்டி நடந்தது. தரையை விட்டுக் கிளம்பி, கட்டுப்பாட்டோடு திரும்பி வருவதே அந்நாளில் பெரிய காரியம்.

அந்த முயற்சியை முடிவுக்குக் கொண்டுவந்தவர் டீட்டர் ஷ்லூட்டர். பெல் தண்டின் வேகமான கட்டளையையும் ஹில்லர் துடுப்பின் நிதானத்தையும் அவர் ஒரே ரோட்டர் தலையில் இணைத்தார். ஸ்வாஷ்பிளேட்டின் கட்டளையில் ஒரு பங்கு நேரே இறக்கைக்குப் போகும். மறுபங்கு துடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து சேரும். பெரிய ஹெலிகாப்டர் உலகில் போட்டியாக இருந்த இரண்டு முறைகள் சிறிய ஹெலிகாப்டரில் கூட்டாளிகளாயின. பெல்–ஹில்லர் என்று வழங்கிய இந்த அமைப்பு அடுத்த நாற்பது ஆண்டுகள் மாதிரி ஹெலிகாப்டரின் இலக்கணமாகவே இருந்தது. தண்டுக்கு ஃப்ளைபார் என்ற பெயரும் நிலைத்தது. 1970இல் ஷ்லூட்டரின் ஹியூ கோப்ரா மாதிரி 11.5 கிலோமீட்டர் பறந்து சாதனை படைத்தது. பரிசோதனைக் காலம் அத்தோடு முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். ஹியூ கோப்ரா பெட்டியில் அடைத்த பாகத் தொகுப்பாகக் கடைக்கு வந்தது. நியூரம்பர்க்கில் ஃபிரான்ஸ் கவான் ஜெட் ரேஞ்சர் ஹெலிகாப்டரின் மாதிரியை வெளியிட்டார். ஷ்லூட்டரே பின்னர் ஹெலி பேபி என்னும் எளிய பயிற்சி மாதிரியைத் தந்தார். அழகிய உடலுக்குள் ஒளிக்காமல் இயந்திரத்தை வெளியே தெரிய வைத்த வடிவம் அது. விழுந்தால் எதைப் பழுதுபார்ப்பது என்று உடனே தெரியும்.

அக்காலத்தில் இந்தப் பொழுதுபோக்கில் பறப்பதைவிடக் கட்டுவதற்கே அதிக நேரம் போனது. பெட்டியில் வருவது பற்சக்கரங்கள், பேரிங்குகள், தண்டுகள், திருகுகள், மரத் துண்டுகள். அவற்றைக் கோத்துச் சீராக்க வாரக்கணக்கில் ஆகும். எஞ்சின் 10 சி.சி. அளவுடையது, மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடும். விமான எஞ்சினைக் குளிர்விக்க முன்னாலுள்ள புரொபெல்லரின் காற்று போதும். ஹெலிகாப்டருக்குள் அடைபட்ட எஞ்சினுக்கு அந்தக் காற்று இல்லாததால் தனியே ஒரு விசிறி வைத்தார்கள். வேகம் கூடினால் தானாகப் பிடித்துக்கொள்ளும் கிளட்ச் ஒன்று எஞ்சினை ரோட்டரோடு சேர்த்தது.

ரோட்டர் இறக்கைகள் மரத்தாலானவை. இரண்டும் ஒரே எடையாக இருந்தால் மட்டும் போதாது. எடை நடுப்புள்ளியும் ஒரே இடத்தில் விழ வேண்டும். தராசுபோல் முனையில் நிறுத்திப் பார்த்து, இலேசான இறக்கையின் நுனியில் நாடா ஒட்டிச் சமன்செய்வார்கள். அடுத்தது இரண்டும் ஒரே தளத்தில் சுழல்கின்றனவா என்ற சோதனை. ஒரு நுனிக்கு ஒரு நிறமும் மறுநுனிக்கு வேறு நிறமுமாக நாடா ஒட்டி, ரோட்டரை ஓடவிட்டுப் பக்கவாட்டில் கண்மட்டத்தில் பார்த்தால், எந்த நிறக்கோடு மேலே ஓடுகிறது என்று தெரியும். அதற்குரிய இணைப்பை அரைச்சுற்றோ ஒரு சுற்றோ திருகி மீண்டும் பார்ப்பார்கள். இரண்டு நிறமும் ஒரே கோடாகும்வரை இது தொடரும். இந்தப் பொறுமைதான் இக்கலையின் உயிர்நாடி. அவசரப்பட்டவர்களின் மாதிரிகள் நடுங்கி நடுங்கியே திருகு கழன்று விழுந்தன. சுழலும் இறக்கையின் ஆபத்தும் சிறிதல்ல. இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. பறக்கவிடுபவரும் பார்ப்பவரும் விலகி நிற்க வேண்டும் என்ற கழக விதிகள் அந்த அனுபவத்திலிருந்து எழுதப்பட்டவை.

பறக்கவிடக் கற்பதற்கும் ஒரு முறைமை உருவானது. மாதிரியின் கால்களுக்குக் கீழே இரண்டு நீளக் கழிகளைக் குறுக்காகக் கட்டி, நுனிகளில் பந்துகளைச் செருகுவார்கள், சாய்ந்தாலும் கவிழாது. வால் தம்மை நோக்கியிருக்க, ஒரு சாண் உயரத்தில் நிறுத்திப் பழகுவது முதல் பாடம். பிறகு பக்கவாட்டில். கடைசியாக மூக்கு தம்மை நோக்கி. இந்த நிலையில் இடமும் வலமும் தலைகீழாகிவிடும்; மாதிரி இடப்பக்கம் சரிவதைக் கண்டு பழக்கத்தில் கை செய்யும் திருத்தம் சரிவை இன்னும் கூட்டும். மாதக்கணக்கில் பழகியவர்களும் இந்தக் கட்டத்தில்தான் மாதிரியை இழந்தார்கள்.

தொடக்ககால மாதிரிகள் பலவற்றில் இறக்கையின் சாய்வு மாறாதது. ஏற வேண்டுமானால் எஞ்சின் வேகத்தைக் கூட்ட வேண்டும். ரோட்டர் வேகம் பிடிப்பதற்குள் காலம் கடந்துவிடும். இரண்டு இறக்கைகளின் சாய்வையும் ஒருசேரக் கூட்டிக் குறைக்கும் கலெக்டிவ் பிட்ச் வந்ததும் ஏற்றமும் இறக்கமும் உடனுக்குடன் நிகழ்ந்தன. எஞ்சின் நின்றாலும், விழும் வேகத்தில் ரோட்டரைச் சுழலவைத்து, தரைக்கு அருகே அந்தச் சுழற்சியைச் செலவிட்டு மெதுவாக இறக்கவும் வழி பிறந்தது.

1980களில் முன்னிலை ஜப்பானுக்குப் போனது. ஹிரோபோ, கால்ட், கியோஷோ போன்ற நிறுவனங்கள் அளவு குறைந்த, விலை குறைந்த, பாகங்கள் பிசகாமல் பொருந்தும் பெட்டிகளைத் தந்தன. பொழுதுபோக்கின் அறிவு வயலுக்குப் போனதும் அங்கேதான். ஜப்பானில் நெல் வயல்களுக்கு ஆளேறும் ஹெலிகாப்டரிலிருந்து மருந்து தெளித்துவந்தார்கள். சிறு வயல்களுக்கும் வீடுகள் நெருங்கிய இடங்களுக்கும் அது ஒத்துவரவில்லை. யமஹா 1987இல் வெளியிட்ட ஆர்-50, 20 கிலோ மருந்தைச் சுமந்து செல்லும் ஆளில்லா ஹெலிகாப்டர். 1997இல் வந்த ஆர்மேக்ஸ் அதன் வாரிசு. வரப்பில் நின்று டிரான்ஸ்மிட்டரைப் பிடித்து வயலுக்கு மருந்தடிக்கும் வேலை, டிரோன் என்ற சொல் பரவுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஜப்பானிய உழவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

ரோட்டரைத் தண்டு பார்த்துக்கொண்டது. வாலைப் பார்த்துக்கொள்ள யாருமில்லை. எஞ்சின் வேகம் கூடும்போது வாலையும் சேர்த்துத் திருத்தும்படி டிரான்ஸ்மிட்டரிலேயே கலவை ஏற்பாடு செய்தார்கள். காற்றடித்தால் அது போதவில்லை. சிறு மோட்டார் சுழற்றும் சக்கரங்கள் கொண்ட கைரோ வந்த பிறகே வால் அடங்கியது. 1990களில் சுழலும் சக்கரம் போய்ப் பீசோ உணரி வந்தது. பழைய கைரோ திருப்பத்தின் வேகத்தை மட்டும் குறைத்தது. புதியது வால் இருந்த திசையையே நினைவில் வைத்து, விலகினால் பழைய திசைக்குத் திருப்பியது.

வால் உறுதியானதும் பறப்பின் பாணியே மாறியது. 1985இல் தொடங்கிய உலகப் போட்டிகளில் மதிக்கப்பட்டது பெரிய ஹெலிகாப்டரின் நிதானமும் துல்லியமும். 1990களில் கலெக்டிவ் பிட்சை மேல்நோக்கிய அளவுக்குக் கீழ்நோக்கியும் அமைத்து, ரோட்டர் வேகத்தை மாறாமல் வைத்து, தலைகீழாகவும் பின்னோக்கியும் பறக்கும் திரீ-டி பாணி பரவியது. அமெரிக்கரான கர்ட்டிஸ் யங்பிளட் அதன் முன்னோடிகளில் முக்கியமானவர். ஆளேறும் ஹெலிகாப்டர் எதுவும் செய்ய முடியாததை மாதிரி செய்யத் தொடங்கியது. பெரியதன் நகல் என்ற நிலையை அது கடந்துவிட்டது.

2000க்குப் பின் பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் எஞ்சினின் இடத்தைப் பிடித்தன. தைவானின் அலைன் நிறுவனம் வெளியிட்ட டி-ரெக்ஸ் 450, கல்லூரி மாணவரும் எட்டிப்பிடிக்கும் விலையில் முழுமையான ஹெலிகாப்டரைத் தந்தது. புகையும் எண்ணெயும் இல்லாததால் வீட்டருகே சிறு மைதானம் போதும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்ததும் ஒரே அலைவரிசையில் இருவர் இயக்கி இருவருடையதும் விழும் பழைய அவலம் மறைந்தது.

அடுத்த மாற்றம் தண்டையே எடுத்துவிட்டது. மூன்று அச்சுகளிலும் அசைவை அளக்கும் உணரிகளும், அதை நொடியில் பலநூறு முறை கணக்கிடும் சிறு கணினியும் ஒரு தீப்பெட்டி அளவுக்குள் அடங்கின. ஜெர்மனியின் மிகாடோ நிறுவனத்தின் வி-ஸ்டேபி இவ்வகையில் முன்னோடி. 2010ஐ ஒட்டி ஃப்ளைபார் இல்லாத தலையே வழக்கமாயிற்று. பாகங்கள் குறைந்தன, துடுப்புகள் காற்றைக் கிழிக்கச் செலவான ஆற்றல் மிச்சமானது. ஷ்லூட்டர் இணைத்த பெல்லும் ஹில்லரும் ஒருசேர விடைபெற்றார்கள்.

இதே மின்னணு அறிவு பொழுதுபோக்கின் எல்லையையும் மாற்றியது. 2006இல் ஷென்சென் நகரில் தொடங்கிய டி.ஜே.ஐ. நிறுவனத்தின் முதல் தயாரிப்புகள் மாதிரி ஹெலிகாப்டருக்கான கட்டுப்பாட்டுக் கருவிகளே. கணினியே சமநிலையைப் பார்த்துக்கொள்ளுமானால் ஸ்வாஷ்பிளேட் எதற்கு, நான்கு மோட்டாரும் நான்கு விசிறியும் போதுமே என்ற இடத்துக்கு அந்த வழி போய்ச் சேர்ந்தது; 2013இல் அந்நிறுவனத்தின் ஃபேண்டம் டிரோன் வந்தது. தமிழ்நாட்டிலும் இந்தத் தொடர்பைக் காணலாம். மாதிரி ஹெலிகாப்டர் பறக்கவிடுவதில் ஈடுபாடு கொண்ட நடிகர் அஜித்குமார், 2018இல் சென்னை எம்.ஐ.டி. வளாகத்தின் தக்ஷா ஆளில்லா விமானக் குழுவுக்கு ஆலோசகரானார்.

படமெடுக்க விரும்பியவர்கள் நான்கு விசிறிக் கருவிகளுக்கு மாறிய பின், ஹெலிகாப்டரோடு தங்கியவர்கள் இரு வகையினர். ஒரு சாரார் திரீ-டி பறப்பவர்கள். மற்றவர்கள், உண்மையான ஹெலிகாப்டரின் ஆணிவரிசையையும் கதவுக் கைப்பிடியையும் அளவு மாறாமல் வடிக்கும் ஸ்கேல் கலைஞர்கள். பெல் 47ஐயோ பெல்லின் ஹியூ ஹெலிகாப்டரையோ கட்டும்போது இவர்களில் பலர், உள்ளே மின்னணுச் சமநிலைக் கருவி இருந்தாலும், ரோட்டர் தலையில் இறக்கைகளுக்குக் குறுக்காக எடைவைத்த தண்டையும் பொருத்துகிறார்கள். பேயோலிக் களஞ்சியத்தில் மாதிரிக்காகப் பிறந்த தண்டு, அசலில் இருந்தது என்பதற்காக மாதிரியில் இடம்பெறுகிறது.