ஈய முத்திரையின் இருபுறமும்: பழைய டீசல் காரில் ஒட்டிக்கொள்ளும் ஆக்சிலரேட்டர்

பெட்ரோல் காரில் ஆக்சிலரேட்டர் மிதி காற்றின் வழியைத் திறக்கிறது. பழைய டீசல் கார்களில் பெரும்பாலானவற்றில் அது எரிபொருள் பம்பின் நெம்புகோலை அசைக்கிறது. காற்று தடையின்றி உள்ளே செல்லும். எவ்வளவு டீசல் பீய்ச்சப்படுகிறதோ அதுவே எஞ்சினின் வேகத்தையும் வலுவையும் முடிவு செய்யும். காலை எடுத்த பிறகும் எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும் பழுதை, பெட்ரோல் கார் பழகிய மெக்கானிக் முதலில் தவறான இடத்தில் தேடியதற்குக் காரணம் இதுதான். இந்தியாவில் இந்தத் தேடலின் வரலாறு எஞ்சினோடு முடிந்துவிடுவதில்லை. எரிபொருளின் விலையும், யார் எதைத் திறக்கலாம் என்ற தொழில் எல்லையும் அதில் கலந்திருக்கின்றன.

1897இல் ருடால்ஃப் டீசலின் எஞ்சின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓடியபோது அது காருக்குள் அடங்காத இராட்சத உருவம். எரிபொருளைப் பீய்ச்ச அழுத்தக் காற்று தேவைப்பட்டது. ராபர்ட் போஷின் நிறுவனம் 1927இல் பீய்ச்சு பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகே சிறிய வண்டிகளுக்கு வழி பிறந்தது. 1936இல் மெர்சிடிஸ்-பென்ஸ் 260 டி கார் வெளிவந்தது. இந்தியாவில் டீசல் கார் வந்தது 1980இல். இந்துஸ்தான் மோட்டார்ஸ் தனது அம்பாசடரில் பி.எம்.சி. வடிவமைத்த 1489 சி.சி. டீசல் எஞ்சினைப் பொருத்தியது. விரைவில் வேகம் எடுக்காத, மிகவும் அதிரும் வண்டி. ஆயினும் டாக்சி உரிமையாளர்கள் அதை விரும்பினர். பெட்ரோலைவிட டீசல் மலிவு என்பது அன்றைய அரசு விலைக் கொள்கையின் விளைவு. சாலைப் போக்குவரத்துக்காக வகுத்த அந்தச் சலுகை காருக்குள்ளும் நுழைந்தது.

பழுது காணும் முறை எளியது, ஆனால் கூர்மையானது. மிதியையும் பம்பையும் இணைக்கும் கம்பியைப் பம்பின் முனையில் கழற்றிவிட்டு நெம்புகோலைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். அது உடனே தன் நிலைக்குத் திரும்பினால் குற்றம் வெளியே இருக்கிறது: உறைக்குள் பிரிந்த கேபிள் இழை, துருவேறிய மூட்டு, தளர்ந்த ஸ்பிரிங், மிதியின் கீழ் மடிந்த கால் விரிப்பு. பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் அறுந்தால், சுமை ஏறும்போது எஞ்சினே புரண்டு கம்பியை இழுத்துவிடும். நின்றிருக்கும் வண்டியில் சோதிப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

நெம்புகோல் திரும்பாவிட்டால் அதன் அச்சு இறுகியிருக்கிறது. நெம்புகோல் திரும்பியும் வேகம் குறையாவிட்டால்தான் உண்மையான சிக்கல். பி.எம்.சி. எஞ்சினின் ஆங்கில மூலத்தில் பயன்பட்ட சி.ஏ.வி. டி.பி.ஏ. சுழல் பம்பில் நெம்புகோல் எரிபொருளை நேரடியாக ஆள்வதில்லை. அது கவர்னரின் ஸ்பிரிங்கை இழுக்கிறது. கவர்னரின் சுழலும் எடைகளும் அந்த ஸ்பிரிங்கும் போராடி, அளவு வால்வு என்னும் சிறிய தண்டைத் திருப்புகின்றன. வண்டி மாதக்கணக்கில் நின்று பழைய டீசல் பிசினாக மாறினாலோ, நீர் கலந்து துரு பிடித்தாலோ அந்தத் தண்டு ஒட்டிக்கொள்ளும். மூடிய நிலையில் ஒட்டினால் வண்டி கிளம்பாது. திறந்த நிலையில் ஒட்டினால் அடங்காது.

1950களின் மெர்சிடிஸ் டீசல் கார்கள் இதற்கு நேர்மாறான பாடம் தருகின்றன. அவற்றின் காற்றுக் குழாயில் ஒரு தட்டு உண்மையிலேயே இருந்தது. அது உண்டாக்கும் வெற்றிடம் ஒரு சவ்வை இழுத்து எரிபொருளைக் குறைக்கும். சவ்வு கிழிந்தால் ஸ்பிரிங் முழு எரிபொருளையும் திறந்துவிடும். மிதி குற்றமற்றதாக இருக்கும். எஞ்சின் மட்டும் கட்டுக்கடங்காது பறக்கும்.

அப்போது சாவியைத் திருப்பிப் பயனில்லை. பழைய டீசல் எஞ்சின்கள் பலவற்றுக்கு ஓடுவதற்கு மின்சாரம் தேவையில்லை. எரிபொருளை வெட்ட ஓட்டுநரின் முன்னே தனியாக இழுக்கும் குமிழ் ஒன்று இருந்தது. அதை இழுத்தும் நிற்காத எஞ்சின், தேய்ந்த வளையங்கள் வழியே தன் சொந்த ஆயிலையே எரித்துக்கொண்டிருக்கலாம்; அது வேறு நோய். வண்டியை உயர் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி கிளட்சை மெல்ல விட்டு மூச்சடைக்கச் செய்வதே அங்கே எஞ்சும் வழி.

இனி முத்திரைக்கு வருவோம். பம்பின் உச்ச வேகத்தையும் உச்ச எரிபொருள் அளவையும் நிர்ணயிக்கும் திருகுகள் கம்பியால் கட்டப்பட்டு ஈயத்தால் முத்திரையிடப்பட்டன. பெங்களூரில் 1951இல் தொடங்கப்பட்ட மைக்கோ போன்ற நிறுவனங்களின் வழியே பம்புத் தொழில் நாட்டில் வேரூன்றியபோது பட்டறை உலகம் இரண்டாகப் பிரிந்தது. நெம்புகோல் வரை சாலையோர மெக்கானிக்கின் ஆட்சி. அதற்கப்பால் சோதனை மேடை வைத்திருந்த டீசல் பம்புக் கடையின் ஆட்சி. பம்பின் உள்ளறிவை முதல் வகையினர் பெற முடியாதபடி அந்தச் சிறு ஈயத்துண்டு காத்தது. அதில் நியாயமும் இருந்தது: அளவுமானியின்றித் திருகைத் தொட்டவர்கள் வண்டியைக் கரும்புகை கக்க வைத்தனர்.

ஆனால் முத்திரைக்குள் எது சென்றது என்பதை எவரும் காக்கவில்லை. டி.பி.ஏ. பம்புக்குத் தனி ஆயில் கிடையாது. அதைக் கடக்கும் டீசலே அதன் மசகு. நியாய விலைக் கடைக்கான மண்ணெண்ணெய் டீசலைவிடவும் மலிவாக இருந்தவரை கலப்படம் இலாபமாக இருந்தது. நீல நிறமூட்டியும் அது நிற்கவில்லை. மசகு குறைந்த அந்தக் கலவை பம்பின் நுண்ணிய பரப்புகளைத் தேய்த்தது. பழி பெரும்பாலும் ஓட்டுநரின் மேலோ மெக்கானிக்கின் மேலோ விழுந்தது. பம்பு கடையில் கிடக்கும் நாள்களின் வருமானம் போனதும் ஓட்டுநருக்கே. கலப்படத்துக்காக எரிபொருள் நிலையத்தை மூடி முத்திரையிட்ட இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கலப்படத்தை ஆய்வு செய்யப்போன கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணே 2011 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே எரித்துக் கொல்லப்பட்டார். பட்டறைக் குறிப்பேட்டில் ‘பம்பு தேய்மானம்’ என்று எழுதப்படும் இரு சொற்களுக்குப் பின்னே இந்தச் சந்தையும் இருந்தது.

அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. எஞ்சியிருக்கும் டீசல் வண்டிகளில் சில ஓடாமல் நிற்பவை. அளவு வால்வு ஒட்டிக்கொள்வதற்கு அதைவிட ஏற்ற நிலை வேறில்லை. மேல்மூடியைக் கழற்றிச் சுத்தமான டீசலால் கழுவி, தண்டை மெல்ல அசைத்துவிட்டாலே பல நேரங்களில் அது விடுபடும். மூடியைக் கழற்றினால் முத்திரை உடையும். மறுபடி முத்திரையிடச் சோதனை மேடையும் டி.பி.ஏ. பம்பு தெரிந்த கையும் வேண்டும்; காமன் ரெயிலுக்கு மாறிவிட்ட கடைகளில் அவை அரிது.