சம்பளம் யார் தருவது, கூரை யார் வேய்வது?
திருவிதாங்கூர்ப் பள்ளிகளின் செலவுக் கணக்கு

மலர்க் குழுவினர் இந்த முறையும் ஒரு கட்டுரை கேட்டார்கள். நான் பட்டம் பெற்றவன் அல்லன். கடையில் ஆள் வராத நேரத்தில் உட்கார்ந்து படித்தவன். வியாபாரிக்குத் தெரிந்தது வரவும் செலவும்தான். அதனால் வரலாற்றையும் அந்த வழியிலேயே பார்க்கிறேன். ஒரு பிள்ளைக்கு எழுத்தறிவித்த செலவு யார் பேரில் பற்று எழுதப்பட்டது என்பதே என் கேள்வி.

இது எனக்குப் புத்தகத்திலிருந்து வந்த கேள்வி அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் நம்மவர் பிள்ளைகள் படிக்கும் ஒரு பழைய தொடக்கப் பள்ளியில் மழை ஒழுகியது. பள்ளியின் பேர் வேண்டாம். நாலைந்து பேர் மனு எழுதிக்கொண்டு போனோம். ஒரு அலுவலகத்தில், "ஆசிரியர்தான் எங்கள் பொறுப்பு, கட்டிடம் இல்லை" என்றார்கள். இன்னொரு அலுவலகத்தில், "கட்டிடம் எங்களுடையதுதான், ஆனா இந்த வருஷப் பணம் ஒதுக்கியாச்சு" என்றார்கள். இரண்டு மழைக்காலம் வாளி வைத்துத்தான் பாடம் நடந்தது. நாமோ வீட்டு வரி ரசீதைப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறோம்! அந்தப் பணத்துக்கும் இந்த வாளிக்கும் என்ன சம்பந்தம் என்று தேடப் போனதில் கிடைத்தவற்றைக் கீழே தருகிறேன்.

பள்ளியும் சாலையும்

'பள்ளி' என்ற சொல் முதலில் சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடத்தைக் குறித்தது. அவர்கள் அங்கே பிள்ளைகளுக்கும் கற்பித்ததால்தான் கற்கும் இடத்துக்கு அந்தப் பெயர் வந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. அப்பள்ளிகளுக்கு விட்ட நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. அந்த நிலத்துக்கு வரி இல்லை. அரசன் கஜானாவிலிருந்து காசு எடுத்துத் தரவில்லை, வர வேண்டிய வரியை விட்டுக்கொடுத்தான். கணக்கில் இரண்டும் ஒன்றுதானே!

இங்கே ஸ்ரீவராகம் குளக்கரையிலிருந்து வலியசாலைக்கு நடந்தே போகலாம். புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலையை அந்த இடத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். அதை முன்மாதிரியாக வைத்து ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலை அமைத்தான். கி.பி. 866-ஐச் சேர்ந்த அந்தச் செப்பேட்டைத் து.அ. கோபிநாதராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார். முஞ்சிறைச் சபையாருக்கு வேறு நிலம் கொடுத்து, அதற்கு மாற்றாக அவர்களிடமிருந்து இடம் பெற்றுக் கோயில் எடுத்து, 95 சட்டர்களுக்குச் சாலை வைத்தான் என்கிறது செப்பேடு. 45, 36, 14 என்று எந்த வேதப் பிரிவாருக்கு எத்தனை இடம் என்பதும் அதில் உண்டு.

நான் கவனித்தது அந்த நிலமாற்றைத்தான். மன்னன் ஊரின் நிலத்தைச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. ஊரும் ஒதுங்கி நிற்கவில்லை. ஆனால் படித்தவர்கள் எல்லாரும் ஒரே வருணத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

1817

அடுத்த பெரிய பதிவு 1817-இல். ராணி கௌரி பார்வதி பாய், தம் மக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்ற கருத்தில் ஆணை பிறப்பித்தார். உடனே எல்லாருக்கும் பள்ளி கிடைத்துவிடவில்லை. மிஷன் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் நிறைய வந்தன, பின்னாளில் அவற்றுக்கு அரசு உதவி மானியம் கொடுத்தது. ஆனால் செலவு யாருடையது என்ற கொள்கை முடிவாகிவிட்டது. 1904-இல் தொடக்கக் கல்வியின் முழுச் செலவையும் திருவிதாங்கூர் அரசு ஏற்றது. நிலவரி, சுங்கம், உப்பு, புகையிலை என எல்லா வருமானமும் சேர்ந்த பொதுப் பெட்டியிலிருந்து அந்தப் பணம் போயிற்று. யாழ்ப்பாணத்துப் புகையிலைக்கு இங்கே பெரிய சந்தை இருந்தது. ஆக, எங்கோ இருந்த தமிழன் விளைவித்த சரக்கின் தீர்வையும் இங்குள்ள பிள்ளையின் படிப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

பணம் வந்தால் போதுமா? போதாது. அதே 1904-இல் அய்யங்காளி வெங்ஙானூரில் தம் மக்களுக்குத் தாமே பள்ளி தொடங்க வேண்டியிருந்தது. பிற்பாடு புலையர் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று அரசு உத்தரவு போட்ட பிறகும் ஊர்ப் பெரியவர்கள் கதவை அடைத்தார்கள். ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியைச் சேர்த்ததற்காகப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். எல்லாவற்றையும் ஊரிடம் விட்டால் நன்றாக நடக்கும் என்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஊர்ப் பொறுப்பு என்றால் ஊரின் குணமும் கூடவே வரும்.

சென்னை மாகாண வழி

நம் சொந்த ஊர்கள் இருந்த சென்னை மாகாணத்தில் கணக்கு வேறு. 1871-இன் உள்ளூர் நிதிச் சட்டத்திலிருந்தே பள்ளிக்கும் சாலைக்கும் அந்தந்தப் பகுதியில் வரி தண்டும் முறை வந்தது. 1920-இன் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகள் கல்வி வரி போட இடம் கொடுத்தது. ஊர் போட்டால் அரசும் தன் பங்கைப் போடும். இன்றும் சென்னையில் கட்டும் சொத்து வரிக்குள் கல்வி வரி இருக்கிறது.

இதில் ஒரு நன்மை உண்டு. வரி கட்டுகிறவன் பள்ளியை எட்டிப் பார்ப்பான். 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் சர் பிட்டி தியாகராயர் மதிய உணவு தொடங்கியது உள்ளாட்சி கையில் பள்ளி இருந்ததால்தான். ஆனால் கட்டிடம் நிறைந்த பட்டணத்துக்கும் ஓலைக் குடிசை நிறைந்த கிராமத்துக்கும் வரி ஒன்றாகவா வரும்? செழிப்பான ஊருக்கு நல்ல பள்ளி, வறண்ட ஊருக்கு ஓராசிரியர் பள்ளி என்றுதான் அது முடியும். அமெரிக்காவிலும் இதே வழக்குத்தான். சொத்து வரியை நம்பிய பள்ளிகளின் ஏற்றத்தாழ்வை 1971-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தவறு என்றது. 1973-இல் டெக்சாஸ் ஏழைப் பெற்றோர் கொண்டுபோன வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அதற்கு அரசியல் சட்டத்தில் தடையில்லை என்றுவிட்டது.

இரண்டு வழிகளின் தடமும் பள்ளிப் பெயர்ப் பலகையிலேயே தெரியும். 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. மற்ற மாவட்டக் கிராமங்களில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்றிருக்கும் இடத்தில் அங்கே 'அரசு தொடக்கப் பள்ளி' என்று எழுதியிருக்கும். அது திருவிதாங்கூர் விட்டுச் சென்ற எழுத்து. கடைசியில் தமிழகமும் அந்த வழிக்கே வந்தது. 1981 ஜூன் 1 முதல் ஊராட்சி ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனார்கள்.

இன்றைய கேரளம்

கேரளத்தில் 1957-இல் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா, தனியார் உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்கும் அரசே நேரடியாகச் சம்பளம் தரும் என்றது. அதன் பேரில் எழுந்த கொந்தளிப்பும் சேர்ந்து 1959 ஜூலை 31-இல் மந்திரிசபையே போயிற்று. சம்பளம் மட்டும் அரசின் தலையில் நின்றது. 1995-இல் அரசுப் பள்ளிகள் பஞ்சாயத்துகளிடமும் நகராட்சி, மாநகராட்சிகளிடமும் ஒப்படைக்கப்பட்டன. சம்பளம் அரசிடம், கூரை உள்ளாட்சியிடம் என்று அப்போது பிரிந்தது. 2017-இல் தொடங்கிய பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்தில் பல பள்ளிக் கட்டிடங்களுக்கு மறுபடியும் மாநிலப் பணமே வந்தது.

நம் வீட்டு வரி எங்கே போகிறது? வீடு கட்டியதும் ஒருமுறை கட்டும் கட்டிட வரி மாநில அரசுக்கு. ஆண்டுதோறும் கட்டுவது மாநகராட்சிக்கு. அதன்மேல் நூலகத்துக்கென்று நூற்றுக்கு ஐந்து தீர்வை உண்டு. பள்ளிக்கென்று தனியாக ஒரு வரி கிடையாது. அதனாலேயே பள்ளி நம்முடையது என்ற நினைப்பும் வருவதில்லை போலும்.

என் முடிவு இதுதான். ஆசிரியர் சம்பளம் பொதுப் பெட்டியிலிருந்தே வரட்டும். ஏழை ஊர்ப் பிள்ளைக்கும் நல்ல வாத்தியார் கிடைக்க வேறு வழி இல்லை. கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அரசின் வேலை. கூரை, குடிநீர், கழிப்பறை ஆகியவை ஊரின் பொறுப்பு. ஊருக்கு வரி குறைந்தால் அந்தக் குறையை அரசு நிரவ வேண்டும். ஆனால் கூரை ஒழுகுகிறது என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

நாமெல்லாம் பிழைக்க வந்தவர்கள் என்று இங்கே பலர் ஒதுங்கி இருக்கிறோம். வரி கட்டும்போது மட்டும் ஊர்க்காரர், வார்டுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வெளியூர்க்காரர் என்றால் எப்படி? அந்த ஒழுகின பள்ளி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூன்றாம் ஆண்டு இருபது பேராக வார்டுக் கூட்டத்துக்குப் போய், கோரிக்கையைக் குறிப்பேட்டில் ஏற்றி, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தோம். அடுத்த எடவப்பாதிக்கு முன் ஓடு மாற்றிவிட்டார்கள். இதை முதல் வருஷமே செய்திருக்கலாம்.