செவ்வாய்க் குடியேற்றமும் வளைகுடாவின் தண்ணீரும்

2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 2017 பிப்ரவரியில், நாம் வாழும் ஐக்கிய அரபு அமீரகம் ஒரு திட்டத்தை அறிவித்தது: 2117-க்குள் செவ்வாய்க் கோளில் மனிதக் குடியிருப்பு. எண்ணெய்ப் பணமும் விண்வெளி நுட்பமும் கைகோத்தால் பூமியின் பாரம் குறையுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலக மக்கள்தொகை ஆண்டுக்குச் சுமார் 7 கோடி கூடுகிறது. இந்தக் கூடுதலை மட்டும் செவ்வாய்க்கு அனுப்புவதென்றாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம் பேரை ஏற்றியாக வேண்டும். அங்கே கிளம்பத் தோதான காலமோ 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. 2020 ஜூலையில் ஜப்பானின் தனேகஷிமாவிலிருந்து புறப்பட்ட அமீரகத்தின் ஆளில்லா விண்கலம் 'அல் அமல்', ஏறத்தாழ ஏழு மாதம் பயணித்து 2021 பிப்ரவரி 9 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. ஆக, நெரிசலுக்குக் குடியேற்றம் மருந்தல்ல.

அதற்காக இந்தச் செலவெல்லாம் வீண் என்று சொல்லிவிட முடியாது. பூமியைப் பார்க்கும் செயற்கைக்கோள்களில்தான் உடனடிப் பயன் இருக்கிறது. துபாய்சாட்-1 (2009), துபாய்சாட்-2 (2013) இரண்டும் தென் கொரிய நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கப்பட்டவை. அந்த அனுபவத்தைக் கொண்டு, 2018 அக்டோபரில் ஏவப்பட்ட கலீஃபாசாட்டை அமீரகப் பொறியாளர்களே துபாயில் உருவாக்கினார்கள். இடையில் 2017-இல் நயிஃப்-1 என்ற சிறு செயற்கைக்கோள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 104 செயற்கைக்கோள்களுடன் கிளம்பிய பி.எஸ்.எல்.வி.யில் ஏறிச் சென்றது.

இவை ஏன் தேவை? அமீரகத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் பெரும்பகுதி, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளிலிருந்து வருவது. 2008-09-இல் வளைகுடாவில் நச்சுப் பாசி பெருகி, கடல் பல மாதங்கள் நிறம் மாறிக் கிடந்தது. மீன்கள் செத்து ஒதுங்கின. சில ஆலைகளை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. இத்தகைய நிற மாற்றத்தைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டிக்கொடுக்கும். பாசி கரையை நெருங்குமுன் எச்சரிக்கை கிடைத்தால், ஆலைகள் முன்கூட்டியே தண்ணீரைச் சேமித்துக்கொள்ளலாம்.

மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் சென்னைக்கும் இது பொருந்தும். செல்வ நாடுகள் இந்தத் தரவுகளை மற்ற நாடுகளோடு தாராளமாகப் பகிர்ந்துகொண்டால், 2117 வரை காத்திராமல் இப்போதே பலருக்குப் பயன் கிடைக்கும்.