லித்தோ கல், ஹார்ட் டிஸ்க், எஸ்.எஸ்.டி: விருதுநகர் பக்கத்திலிருந்து ஒரு கதை

இன்னைக்கு ரெண்டு நம்பர்ல இருந்து ஆரம்பிக்கலாம். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிச்சு. அந்த லேப்டாப்ல இருந்தது 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். 2025-ல கல்லூரி மாணவர்களுக்காக எல்காட் மறுபடியும் டெண்டர் விட்டப்போ கேட்டது 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. நடுவுல 14 வருஷம். போன்ல எடுக்கிற ஒரு வீடியோவே ஜி.பி. கணக்குல வர்ற காலத்துல, அரசாங்கம் குடுக்கிற லேப்டாப்போட இடம் மட்டும் ஏன் சுருங்குச்சு?

எங்க ஊர் காரியாபட்டி. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போற ரோட்டுல, விருதுநகர் மாவட்டத்தோட வடக்கு ஓரத்துல இருக்கு. இங்கயும் சுத்துப்பட்டு கிராமங்கள்லயும் நிறைய வீடுகளுக்குள்ள முதல் முதலா நுழைஞ்ச கம்ப்யூட்டரே அந்த அரசு லேப்டாப்தான். கடைக்குப் போய் ‘இது வேணாம், அதைக் காட்டுங்க’ன்னு கேக்கிற வாய்ப்பு அந்த வீடுகளுக்கு இல்ல. டெண்டர்ல ஒரு வரியா எழுதுறதுதான் அந்தப் பிள்ளையோட நாலு வருஷப் படிப்புக்கான மெஷின். அதனால அந்த ஒரு வரி எனக்குப் பெரிய விஷயமாப் படுது.

வேகம், இடம், விலை. இந்த மூணும் ஒண்ணா கிடைக்காதுங்கிறது கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த பிரச்சினை இல்ல. இதே மாவட்டத்துல, சிவகாசியில, தீப்பெட்டி லேபிள் அச்சடிச்ச லித்தோ பிரஸ் காலத்துக்குப் போவோம். லித்தோகிராஃபி 1796-ல ஜெர்மனியில செனஃபெல்டர் கண்டுபிடிச்ச முறை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லு மேல எண்ணெய்ப் பசை மையால படம் வரையணும். கல்லை ஈரமாக்கி மை தடவுனா, படத்துல மட்டும் மை ஒட்டும், மத்த இடத்துல ஒட்டாது. இந்த வேலைக்குப் பேர் போன கல்லு பவேரியாவுல இருக்கிற சோல்ன்ஹோஃபென்ங்கிற ஊர்ல வெட்டி எடுக்கிறது. ஒரு நிறத்துக்கு ஒரு கல்லு. நாலு நிற லேபிள்னா நாலு கல்லு.

யோசிச்சுப் பாருங்க, அந்தக் கல்லுதான் ஸ்டோரேஜ். படம் அதுலதான் இருக்கு. கல்லு கனம், விலை, அடுக்கி வைக்க இடமும் வேணும். புது லேபிளுக்குப் புதுக் கல்லு வாங்கலாம், இல்லன்னா பழைய கல்லை அழிக்கலாம். அழிக்கிறதுன்னா மணலும் தண்ணியும் போட்டு, மேல இன்னொரு கல்லை வச்சுத் தேய்க்கிறது. தேய்ச்சதும் பழைய படம் போயிடும், கல்லு மறுபடியும் வெறுமையா நிக்கும். ஆனா ஒவ்வொரு தடவையும் கல்லு கொஞ்சம் மெலிஞ்சுக்கிட்டே போகும். ரொம்ப மெலிஞ்சா பிரஸ்ஸோட அழுத்தத்துல உடைஞ்சிடும். இந்தக் கல்லை மனசுல வச்சுக்கோங்க, மறுபடியும் வரும்.

இப்போ ஹார்ட் டிஸ்க். 1956-ல ஐ.பி.எம். கலிஃபோர்னியாவுல உருவாக்கின ராமாக் மெஷின்லதான் இது முதல்ல வந்துச்சு. 24 இன்ச் அகலத்துல 50 தட்டு, எடை ஒரு டன் பக்கம். இடம் 50 லட்சம் எழுத்து, நம்ம கணக்குல சுமார் 5 எம்.பி., அதாவது ஒரு சினிமாப் பாட்டு அளவு. பெரும்பாலும் வாடகைதான். மொத்த மெஷினுக்கு மாசம் 3,200 டாலர்.

அதுல ஒரு தகவலைத் தேடிப் போக ஊசி சராசரியா 600 மில்லி செகண்ட் எடுத்துக்கிச்சு. 2011 லேப்டாப்ல இருந்த மாதிரி சாதாரண ஹார்ட் டிஸ்க்ல அது சுமார் 15 மில்லி செகண்ட். 40 மடங்கு முன்னேற்றம். ஆனா இடம்? 5 எம்.பி.யிலிருந்து 320 ஜி.பி. 60 ஆயிரம் மடங்குக்கும் மேல! இந்த ரெண்டு நம்பருக்கு நடுவுல இருக்கிற இடைவெளியிலதான் மொத்தக் கதையும் இருக்குன்னு நான் நினைக்கிறேன். தட்டுல எழுத்தை நெருக்கி நெருக்கி எழுத இயற்பியல் வழி விட்டுச்சு. 1988-ல ஃபெர்ட், குருன்பெர்க்னு ரெண்டு பேர் தனித்தனியாக் கண்டுபிடிச்ச காந்த விளைவு அதுக்குப் பெரிய உதவி, 2007-ல நோபல் பரிசே வாங்கிச்சு. ஆனா ஊசி நகரணும், தட்டு சுத்தணும். அது இரும்பும் மோட்டாரும். அதை எவ்வளவுதான் விரட்ட முடியும்?

அந்த லேப்டாப் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைலைத் தேடும். ஹார்ட் டிஸ்க்கால ஒரு செகண்டுக்கு நூறு தேடல் கூட முழுசாச் செய்ய முடியாது. போதாக்குறைக்கு ராம் 2 ஜி.பி.தான். அது நிறைஞ்சதும் மிச்சத்தை மறுபடியும் அதே டிஸ்க்குலதான் போய் எழுதும். ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வரலாம்ங்கிற கதையெல்லாம் அங்கிருந்து வந்ததுதான். 320 ஜி.பி.யில பாதி காலியாக் கிடந்தாலும் மெஷின் ஓடாது.

ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னொரு பலவீனமும் இருந்துச்சு. திட்டம் தொடங்கி சில வாரத்துலயே, 2011 அக்டோபர்ல, தாய்லாந்துல பெருவெள்ளம். உலக ஹார்ட் டிஸ்க் உற்பத்தியில பெரும்பங்கு அங்கதான். வெஸ்டர்ன் டிஜிட்டலோட தொழிற்சாலைக்குள்ளயே தண்ணி. சில மாடல் சில வாரத்துல ரெட்டிப்பு விலைக்குப் போச்சு. ஒரு மழை வந்தா ஒரு தொழிலே நின்னுடும்ங்கிறதை பட்டாசுக்கு மருந்து காய வைக்கிற எங்க பக்கத்து ஆளுங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

எஸ்.எஸ்.டி.க்குள்ள இருக்கிறது ஃப்ளாஷ் மெமரி. ஜப்பான்ல தோஷிபாவுல வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடிச்சது. 1984-ல ஒரு வகையை வெளியிட்டார், இன்னைக்கு எஸ்.எஸ்.டி.யில இருக்கிற நாண்ட் வகை 1987-ல வந்துச்சு. ஒரு பெரிய கட்டத்தை மொத்தமா ஒரே அடியில அழிக்கிறது கேமரா ஃப்ளாஷ் மாதிரி இருக்குன்னு கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் சொன்னதுதான் பேராச்சு. சிவகாசிக்காரர் கூட இருந்திருந்தா ‘மத்தாப்பு மெமரி’ ஆகியிருக்கும்.

கல்லு ஞாபகம் இருக்கா? ஃப்ளாஷும் அதே குணம்தான். எழுதின இடத்து மேல அப்படியே திருப்பி எழுத முடியாது. முதல்ல ஒரு கட்டத்தையே அழிக்கணும். ஒவ்வொரு அழிப்புக்கும் உள்ள இருக்கிற மெல்லிய காப்புப் படலம் கொஞ்சம் தேயும். வகையைப் பொறுத்து சில நூறு தடவையோ, சில ஆயிரம் தடவையோ, அவ்வளவுதான் ஆயுசு. அதனாலதான் எஸ்.எஸ்.டி. பெட்டியில டி.பி.டபிள்யூன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க. மொத்தம் எத்தனை டி.பி. எழுதலாம்ங்கிற கணக்கு அது. வாங்கும்போது பெரும்பாலும் யாரும் அதைப் பார்க்கிறதில்ல. நீங்க பாருங்க.

இவ்வளவு குறை இருந்தும் ஏன் எஸ்.எஸ்.டி.? சுத்துறதுக்கு ஒண்ணும் இல்ல, நகர்றதுக்கு ஒண்ணும் இல்ல. செகண்டுக்கு பல்லாயிரம் தேடல். டவுன் பஸ்ல தொங்கிக்கிட்டுப் போற பையில இடிபட்டாலும் பயமில்ல. 1991-ல சான்டிஸ்க் கொண்டு வந்த 20 எம்.பி. எஸ்.எஸ்.டி. விலை ஆயிரம் டாலர் பக்கம். அந்த விலை இறங்கி இறங்கி அரசு டெண்டருக்கு எட்டுற தூரத்துக்கு வந்தப்போ, அதே காசுக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க்கா, சின்ன எஸ்.எஸ்.டி.யாங்கிறதுதான் கேள்வி. எஸ்.எஸ்.டி.ன்னு எழுதினது சரின்னுதான் நான் சொல்வேன். 20 லட்சம் மாணவர்களுக்கு ரெண்டு வருஷத்துலன்னு 2025-26 பட்ஜெட்ல சொன்ன திட்டம். அத்தனை பேருக்கும் மெதுவா ஓடுற பெரிய டிஸ்க் குடுத்திருந்தா அது திறக்காத அலமாரிதான்.

ஆனா 256 இறுக்கம். அதுவும் விண்டோஸ்ல 238-ன்னுதான் காட்டும். யாரும் திருடல. கம்பெனி 1,000 கணக்குல எண்ணுது, விண்டோஸ் 1,024 கணக்குல எண்ணுது. சிஸ்டம், அப்டேட், ரெண்டு மூணு சாஃப்ட்வேர் போக மிச்சத்துல மூணாவது வருஷ ப்ராஜெக்ட் வரும்போது எதை அழிக்கலாம்னு உக்காரணும். முழுசா நிரப்பவும் கூடாது. தேய்மானத்தைப் பகிர்ந்து போட எஸ்.எஸ்.டி.க்கு காலி இடம் வேணும்.

அப்போ வீட்டுக் கல்யாண வீடியோ, அப்பாவோட பழைய போட்டோ எங்க வைக்கிறது? அதுக்கு அந்தப் பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க்தான். ஜி.பி. கணக்குல இன்னும் அதுதான் மலிவு. தேய்ஞ்ச எஸ்.எஸ்.டி.யை கரண்ட் இல்லாம மாசக்கணக்கா பீரோவுல போட்டா உள்ள இருக்கிற மின்னூட்டம் கசியும். சூடு கூடக் கூட சீக்கிரம் கசியும். எங்க ஊர் மே மாசத்தைப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேணாம். ஹார்ட் டிஸ்க்லயும் ஒண்ணு பத்தாது, ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ணை சித்தி வீட்டுல குடுத்து வைங்க.