எல்லைக்கல் எலி

அமெரிக்க ராணுவ மருத்துவர் எட்கர் மேர்ன்ஸ் 1890-களில் மெக்சிகோ எல்லை அளவைக் குழுவோடு போனவர். பசிபிக் கரையில், எல்லைக்கல் 258-க்குப் பக்கத்தில் கிடைத்த ஒரு குட்டி எலியை 1898-ல் அவர்தான் அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். கன்னத்தில் விதை சேர்க்கும் பை. எடை 6 முதல் 9 கிராம்தான்.

கடலோர மென்மணல்தான் அதற்கு வீடு. தெற்குக் கலிபோர்னியாவில் வீட்டுமனைக்குக் கிராக்கியும் அங்கேதான். 1971-க்குப் பிறகு எலி யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போச்சு என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1993-ல் டேனா பாயின்ட்டில், கட்டடம் எழுப்பத் திட்டமிட்டிருந்த நிலத்தில் சில அகப்பட்டன. அடுத்த ஆண்டே அழியும் நிலை உயிரினப் பட்டியலில் சேர்த்தார்கள். 1995-ல் இன்னும் சில, கேம்ப் பெண்டில்டனில். 1942 முதல் மரைன் படை பயிற்சி செய்யும் நிலம் அது!

இதைக் கணக்கெடுப்பது லேசில்லை. குளிர்காலத்தில் வளைக்குள் முடங்கிவிடும். வெளிவரும் மாதங்களில் விதை வைத்த பெட்டிப்பொறி வைத்துப் பிடித்து விடுகிறார்கள். இல்லாவிட்டால் மைத்தாள் வைத்த குழாய்க்குள் நடக்கவிட்டுக் காலடி பார்க்கிறார்கள். பொறி காலி என்பதால் எலி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ராணுவம் எலியைக் காப்பாற்ற வேலி போடவில்லை. ஆனால் அந்த வேலி மனை விற்பனையைத் தடுத்தது. பயிற்சி நடக்கும் இடத்துக்கும் எலி வளைக்கும் நடுவே கோடு போட, எலி எங்கே இருக்கிறதென்று தெரிந்தாக வேண்டும். அதனால்தான் இந்தக் கணக்கெடுப்பு முக்கியம் என்கிறேன்.