தரகர் யார் பக்கம்?

வீடு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நிற்பவரைத் தரகர் என்கிறோம். சொல் புதியதன்று. பல்லவர், சோழர் காலச் சாசனங்களில் வரிகளின் வரிசையிலேயே 'தரகு' வருகிறது. ஐதராபாத் வந்த தமிழர்கள் உருதுவில் 'தலால்' என்றும், தெலுங்கில் 'தளாரி' என்றும் அவரை அழைக்கப் பழகினார்கள். இப்போது மூன்று மொழிக்காரரும் 'புரோக்கர்' என்று முடித்துக்கொள்கிறோம். பெயர் நான்கு, கேள்வி ஒன்றுதான். அவர் யாருடைய ஆள்?

செகந்திராபாத் 1806-இல் பெயர் பெற்ற ராணுவப் பாளையம். சென்னை ராணுவத்தோடும், 1874-இல் வாடியிலிருந்து வந்த ரயிலோடும் நம்மவர் இங்கே வந்தனர். லாலாகூடா, மெட்டுகூடா, மாரெட்பள்ளி என்று வேர் பிடித்தனர். பாளையத்தில் ஆங்கிலேயர் நிர்வாகம். உசேன் சாகரைத் தாண்டினால் நிஜாம் ஆட்சி. அங்கே அரசு மொழி உருது, பத்திரமும் உருது. அந்தப் பக்கம் மனை வாங்க நினைத்த தமிழருக்கு, விலை பேசும் முன் பத்திரத்தைப் படித்துச் சொல்லவே ஓர் ஆள் வேண்டியிருந்திருக்கும்.

அளவும் வேறு. சென்னையில் கிரவுண்டுக் கணக்கு, இங்கே கஜம். 2400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு, 266 கஜமும் சொச்சமும் ஆகும். வெளிநிலம் என்றால் குண்டா. அது 121 கஜம். நம் அச்சாரம் இங்கே 'பயானா'. தாய்ப்பத்திரம் 'லிங்க் டாக்குமெண்ட்'. இதையெல்லாம் விளக்குபவராகத்தான் தரகர் நம் வீட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் அவர் கூலி வாங்கியது அன்று தவறாகப் படவில்லை. பாலத்துக்கு இரண்டு கரையும் வேண்டுமே!

1948 செப்டம்பரில் நிஜாம் ஆட்சி முடிந்தது. 1949-இல் ஜாகீர்கள் ஒழிக்கப்பட்டன. 1956-இல் ஐதராபாத் ஆந்திரப் பிரதேசத்தின் தலைநகராயிற்று. பழைய தேவடிகளும் தோட்டங்களும் துண்டு துண்டாக மனைகளாயின. 1960-களில் பி.எச்.இ.எல்., ஈ.சி.ஐ.எல். வேலைக்கு வந்த தமிழர் பலருக்குத் தரகரே தேவைப்படவில்லை. ஊழியர் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் பெயர் கொடுத்தால் போதும், மனை வந்துவிடும்.

திருப்பம் 1976-இல் வந்தது. நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம், ஐதராபாத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காலி நிலத்தை 1000 சதுர மீட்டராக வரையறுத்தது. அதற்கு மேல் இருந்ததை முறைப்படி பதிவு செய்து விற்பது கடினமாயிற்று. ஆகவே கிரய ஒப்பந்தமும் பவர் பத்திரமும் கைமாறின. கிராமப்புறத்தில் 'சாதா பைனாமா' எனும் பதிவில்லாத வெள்ளைத்தாள் கிரயம் வேறு. எந்த மனை யாரிடம் எத்தனை கை மாறிப் போயிருக்கிறது என்பது பதிவு அலுவலகத்துக்குத் தெரியாது, தரகருக்குத் தெரியும். மொழி தெரிந்ததால் மதிக்கப்பட்டவர், ரகசியம் தெரிந்ததால் அஞ்சப்படுபவர் ஆனார். மாநிலம் இச்சட்டத்தைக் கைவிட்டது 2008-இல். பவர் பத்திரத்தால் மட்டும் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது 2011-இல். இதற்கிடையே 1998-இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டு, மாதாப்பூர், கொண்டாப்பூர் பக்கம் விலை எகிறியது.

அந்தக் காலத்தில் எங்கள் குடும்பத்தில் நடந்தது இது. மாரெட்பள்ளியில் சித்தப்பா தம் வீட்டை விற்றார். பழகிய தரகர்தான். "இதுக்கு மேல ஒரு ரூபா வராது சார், மார்க்கெட் டல்லு" என்றார். தாமே ஒருவரை அழைத்து வந்து பயானா கொடுக்க வைத்தார். நான்கு மாதம் கழித்துப் பதிவுக்குப் போனால் வாங்க வந்திருப்பவர் வேறு ஆள். பேச்சுவாக்கில் அவர் தாம் கொடுத்த விலையைச் சொல்ல, சித்தப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. முதலில் வந்தவர் தரகரின் மச்சினர். இடையில் விழுந்த பணம் எங்கே போனது என்று சொல்லவும் வேண்டுமா? இதற்கு மேல் சித்தப்பா 2 விழுக்காடு கமிஷனும் கொடுத்திருந்தார். கேட்டதற்கு, "ரெண்டு பேருக்கும் நல்லதுதானே பண்ணினேன்" என்று பதில்.

அன்று எங்களில் யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. முகவர் தம்மை நியமித்தவருக்குத் தெரியாமல் அதே காரியத்தில் தம் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தால், அவருக்குக் கிடைத்த ஆதாயத்தை நியமித்தவர் கேட்டுப் பெறலாம் என்கிறது 216-ஆம் பிரிவு. ஆனால் தரகர் நம் முகவர்தான் என்று காட்ட எழுத்தில் ஒரு வரியாவது வேண்டாமா? சித்தப்பாவிடம் ஒரு துண்டுச்சீட்டும் இல்லை.

2016-இல் ரெரா சட்டம் வந்தது. எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும் தரகர் பதிவு செய்துகொள்ள வேண்டும். கணக்கு வைக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், மொத்தத்தில் சொத்து விலையில் 5 விழுக்காடு வரை அபராதம். நல்லதுதான். ஆனால் இக்கட்டாயம் ரெராவில் பதிவான புதிய திட்டங்களின் விற்பனைக்கே. மாரெட்பள்ளியின் ஐம்பது வருட வீட்டை விற்கும் பெரியவருக்கு இந்தக் குடை எட்டாது. ஒரே தரகர் இருபக்கமும் வாங்குவதையும் சட்டம் தடுக்கவில்லை.

நம் பிள்ளைகள் வாழும் அமெரிக்காவிலும் இது எளிதில் தீர்ந்துவிடவில்லை. தம்மை அழைத்துப் போய் வீடு காட்டுபவர் தம் ஆள் என்றே வாங்குவோர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். சட்டப்படி அவர் பெரும்பாலும் விற்பவரின் பக்கம். வாங்குவோருக்கென்று தனி முகவர் என்ற வழக்கம் அதன் பிறகே வேரூன்றியது. ஒரு பெரிய வழக்கின் சமரசத்துக்குப் பின், 2024 ஆகஸ்டிலிருந்துதான், வீடு காட்டும் முன்பே கட்டணத்தை எழுதி ஒப்பந்தம் செய்யும் முறை அங்கே பரவலாயிற்று.

தரகர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. மொழி தெரியாத ஊரில் நம் முன்னோருக்குக் கூரை தேடித் தந்தவர்களில் அவர்களும் உண்டு. ஆனால் பாளையத்துத் தமிழ்க் குடும்பங்களின் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிக்குப் போகும் காலம் இது. பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் பெரியவர்கள் மட்டும். அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. காபி கொடுத்து உட்கார வைத்ததும் முதலில் கேளுங்கள்: "நீங்க யார் பக்கம்? அவங்ககிட்டயும் வாங்குறீங்களா? வாங்க வர்றவர் உங்க சொந்தக்காரரா?" பதிலை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடத் தயங்குகிறவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்காதீர்கள்.